ஜாங்கிரிக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான்கள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று ஜாங்கிரி கேஸ் அடுப்பின் ட்யூபைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டு, அண்டா கழுவ வைத்து, மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் குப்பென்று வாடை. ரெகுலேட்டரை நிறுத்தாமல் நான் வெளியே போவதில்லை. அதனால் ட்யூபில் தங்கியிருந்த கேஸோடு போயிற்று. நிறுத்தாமல் போயிருந்தால்? ஜாங்கிரியோ அடுப்படியில் ட்யூப் துண்டை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்து வாலாட்டுகிறது.

இந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகள் அபிநயாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் நாயை விடமாட்டார்கள் என்று கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். லாப்ரடார், ஒன்றரை வயது. நிறத்தைப் பார்த்து ஜாங்கிரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். இந்த இரண்டு மாதத்தில் அது தின்றவை: மூன்று ஜோடி செருப்பு, ஒரு தலையணை, டிவி ரிமோட், என் மூக்குக்கண்ணாடியின் கூடு. இப்போது ட்யூப்.

வீட்டுக்காரர் சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்து பார்த்தார். காசிநாதன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போடாமல் முடிவெடுக்கிற ஆள், அதுதான் பயம்.

"இத்தோட போதும் செல்வி. இந்த மாசம் முடிஞ்சதும் கொல்லிக்கு இட்டும்போயி சங்கிலி போட்டுக் கட்டிட்றேன். பன்னியப் பாத்தாவது கொலைக்கட்டும்."

எங்கள் கொல்லை மலையடிவாரத்தில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். இருட்டினால் கல்வராயன் மலையிலிருந்து பன்றி இறங்கும். கட்டிப் போட்ட நாயால் ஓடக்கூட முடியாது. பன்றி முட்டினால் குடல் மிஞ்சாது. அதைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 5, புதன்

அபிநயாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், ஆனால் பாடம் நடத்தினாள்.

"ம்மா, அது கெட்ட நாய் இல்லம்மா. அதுக்கு போர் அடிக்குது. மூளைக்கு வேல குடுக்கற மாதிரி வெளாட்டுச் சாமான் வாங்கிக் குடு."

நாய்க்கு மூளைக்கு வேலை. போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இந்த வீட்டில் மனுஷனுக்கே அது இல்லையே என்றேன். அவள் சிரிக்கவில்லை. மாசக் கடைசிக்குள் இதை வழிக்குக் கொண்டுவராவிட்டால் சங்கிலிதான் என்று அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 8, சனி

கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், தரையில் விரித்து விற்பவரிடம் மஞ்சள் பந்து ஒன்று வாங்கினேன். அமுக்கினால் கீச்சென்று கத்தும்.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பந்து போய்விட்டது. பொறுக்கி எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். பாதிதான் தேறியது. உள்ளே இருந்த விசிலையும் காணோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாட்டு டாக்டரிடம் கேட்டேன். இரண்டு நாள் பொறுங்கள், வரவில்லை என்றால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கணும் என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

விசில் வந்துவிட்டது. குச்சியால் கிளறித் தேடினேன். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலை எனக்கு.

பிப்ரவரி 15, சனி

இன்று ஒரு நாய்ச் சாமானுக்காக ஒரு மணி நேரம் கடையில் நின்றேன். என்னை நானே நம்பமாட்டேன்.

சாதுல்லா பாய் கடை. பேன்ஸி சாமான், பொம்மை, பள்ளிப் பை எல்லாம் வைத்திருப்பார். உள்பக்கம் ஒரு அலமாரி முழுக்க நாய், பூனைச் சாமான்கள். இத்தனை வருஷம் போகிறேன், அதை நான் பார்த்ததே இல்லை.

மஞ்சள் பந்துக் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். சத்துணவு போடுகிற என்னையும் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கொழந்த சாமான் கொழந்தைக்குங்க டீச்சரம்மா. நாய்க்கு வேற. ஒண்ணு தெரிஞ்சிக்கங்க. வாய்க்குள்ள முழுசா போற சைஸுல எத்தயும் குடுக்கக் கூடாது. தொண்டைல போய் நின்னுக்கினா முடிஞ்சிது."

கறுப்பு ரப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்து நகத்தால் அழுத்தச் சொன்னார். நகம் கொஞ்சம் உள்ளே போகவேண்டுமாம், எடுத்ததும் தடம் மறையவேண்டுமாம். போகவே இல்லை என்றால் நாய்க்குப் பல் உடையும். தடம் அப்படியே நின்றால் பிய்த்துத் தின்றுவிடும். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி நானும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன்.

"உங்க நாயி பல்லுக்காரனா, மூக்குக்காரனா, காலுக்காரனா?"

மூன்றும்தான் என்றேன்.

"மூணும் எல்லாத்துக்கும் இருக்கும். புதுசா ஒரு பொருள் வூட்டுக்கு வந்தா எது முன்னாடி போவுது?"

யோசித்தேன். ரேஷன் பை வந்தால் முதலில் மோந்து பார்க்கும். மடிப்பு மடிப்பாக மோந்து பார்த்த பிறகுதான் கடிக்கும். மூக்குக்காரன்.

தீனியை உள்ளே அடைத்துக் கொடுக்கிற ரப்பர் உருண்டை, மூடி தள்ளித் தள்ளித் திறக்கிற தட்டு, துணி நாடாவுக்குள் தீனியை ஒளித்து வைக்கிற மெத்தை எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார். இத்தனை தெரிகிறதே, வீட்டில் எத்தனை நாய் என்று கேட்டேன்.

"நாங்க வூட்ல நாய் வெச்சிக்கறதில்லம்மா. அதனால தான் எனக்கு நிதானமா தெரியுது. வளக்கறவங்களுக்குப் பாசம் கண்ண மறைச்சிடுது."

கடைசியாக ஒரு பையை எடுத்தார். கித்தான் துணியில் உருண்டையாகத் தைத்தது, சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரியது, ஜிப் வைத்தது. வந்து எட்டு மாதமாகிறதாம், ஒருவரும் தொடவில்லையாம். உள்ளே தீனி இருக்கும். நாய் மோந்து தேடிக் கண்டுபிடிக்கும். ஆனால் தானாகத் திறக்க முடியாது. கடித்தால் ஒன்றும் கிடைக்காது. கடிக்காமல் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தால், நாம் திறந்து ஊட்டவேண்டும்.

"நாய் தானா வெளாடிக்கினு நம்மள உட்டுடணும்னு தான் எல்லாரும் கேக்கறாங்க. இதுல நீங்களும் கூட வெளாடணும். அதான் ஓடல."

இதையே எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது என்னைக் கேட்டுச் சாப்பிடட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்று நாளாகப் பழக்குகிறேன். பையைக் கடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். துரத்தக் கூடாது, கத்தக் கூடாது. கத்தினால் அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் அழுத்திக் கடிக்கும். தரையில் உட்கார்ந்து, அதன் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, "குடு" என்று மெதுவாகச் சொல்லவேண்டும். எல்லாம் அபிநயா வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தது.

மெதுவாகச் சொல்வது எனக்கு வராது. நூற்றுப் பத்துப் பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்துகிற தொண்டை இது.

பிப்ரவரி 23, ஞாயிறு

கொடுத்துவிட்டது. துணி அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்த பையைக் கண்டுபிடித்து, முட்டையைத் தூக்கி வருகிற மாதிரி பல் படாமல் கவ்வி வந்து என் கையில் வைத்தது. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது.

உள்ளே வைத்தது அவித்த முட்டை. சத்துணவு முட்டை இல்லை, என் வீட்டு முட்டை. நாளைக்கு யாராவது இந்த நோட்டைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 1, சனி

மாசம் முடிந்துவிட்டது. அவர் சங்கிலிப் பேச்சை எடுக்கவில்லை. ஒன்பது நாளாக வீட்டில் ஒரு பொருளும் கடிபடவில்லை. இன்று நான் ஜாங்கிரியோடு விளையாடும்போது பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். நான் பார்த்ததும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

பன்றி இறங்கிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து வருகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் ஒன்பது சால் பயிர் படுத்துக் கிடக்கிறதாம். தின்றது கொஞ்சம், மிதித்தது ஜாஸ்தி. காலையில் கொண்டுபோன சோற்றை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்.

பாவமாக இருந்தது. பழைய சேலையைக் கட்டிப் பார்த்தார், டப்பாவைத் தட்டிப் பார்த்தார், சலூனில் தலைமுடியை வாங்கிக் கொல்லை ஓரமெல்லாம் போட்டார். பன்றிக்கு எதுவும் உறைக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஆச்சரியம். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவராகவே சொன்னார்.

"நாயக் கொல்லிப் பக்கம் இட்டாராத."

"இன்னாத்துக்கு?"

"வேணாம்னா வேணாம்."

கட்டிப் போடுவேன் என்றவர் இப்போது வரவே வேண்டாம் என்கிறார். ஆக, ஜெயித்துவிட்டேன். நாயின் மேல் பாசம் வந்துவிட்டது, அதை வாய் திறந்து சொல்ல மனுஷருக்குக் கௌரவக் குறைச்சல். அபிநயாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

அவர் தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்குள்ளேயே ஒளித்தால் ஜாங்கிரிக்கு அலுத்துப் போகும், புது இடத்தில் தேடவிடு என்று அபிநயா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வேண்டாம் என்றது நினைவில் இருந்தது. இருந்தும் கூட்டிக்கொண்டு போனேன். நான்தான் ஜெயித்தவளாச்சே. நாய் எவ்வளவு கெட்டிக்காரன் என்று கொல்லைக்கும் காட்டவேண்டாமா.

காலை எட்டு மணி. வரப்பில் ஒரு கல்லுக்குப் பின்னால் பையை ஒளித்துவிட்டு "தேடு" என்றேன். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போயிற்று. கல்லைத் தாண்டிப் போயிற்று. மக்காச்சோளத்துக்குள் நுழைந்துவிட்டது. சோளத்தட்டை அசைவது மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரமானதும் கூப்பிட்டேன்.

வந்தது. வாயில் என் பை இல்லை. சின்னதாக, கறுப்பாக, நூல் சுற்றிய உருண்டை. வாய்க்குள் பாதி போயிருந்தது. எலி என்று நினைத்தேன். கிட்டே வந்ததும் கருவாட்டு வாடை. நூல்.

அவுட்டுக்காய்.

பன்றிக்கு வைக்கிறது. உள்ளே வெடிமருந்து. கடிச்சா வெடிக்கும். மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு பசுமாடு இதைக் கடித்தது. நான் போய்ப் பார்த்தேன். வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை, மாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

கத்தக் கூடாது. கத்தினா அழுத்திக் கடிக்கும். ஓடக் கூடாது, ஓடினா தொரத்தும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உட்கார்ந்தேன். மோவாய்க்குக் கீழே கையை நீட்டினேன். "குடு" என்றேன். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அது எப்போதும் ஒன்று செய்யும். கொடுப்பதற்கு முன் வாயில் இருப்பதை ஒரு தடவை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும். செஞ்சிது. பல்லு பட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. டக்குன்னு. இன்னும் கேட்டுக்கினே இருக்குது.

பிறகு என் உள்ளங்கையில் வைத்தது. ஈரமாக, சூடாக. வைத்துவிட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. அதன் தீனிக்குத்தான் பார்த்தது. கொடுக்காவிட்டால் திரும்பக் கவ்வும். மடியில் இருந்த முட்டையை இடது கையால் எடுத்து முடிந்த தூரம் வீசினேன். அது அந்தப் பக்கம் ஓடியதும் எழுந்து நடந்தேன். வரப்பு முனையில் பலகைக் கல் இருக்கிறது. அதன் மேல் வைத்தேன். விரலை எடுப்பதற்குத்தான் ரொம்ப நேரமாயிற்று.

ஜாங்கிரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தது.

யார் வைத்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. வேலி தாண்டி எவனோ வைத்தான் என்றுதான் நினைத்தேன். அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம். அவர் கேட்டார்: "ஒண்ணு தானா?"

மார்ச் 24, திங்கள்

ஆறு வைத்திருக்கிறார். ஜாங்கிரி எடுத்ததையும் சேர்த்து ஐந்துதான் கிடைத்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

இருபத்தேழு வருஷம் கூடவே இருந்த மனுஷன்.

சந்தையில் எவனிடமோ வாங்கினாராம். எதில் கொண்டுவந்தீங்க என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார், கடைசியில் சொன்னார். நான் காலையில் சோறு கட்டிக் கொடுக்கிற வயர் கூடையில். கேரியருக்குப் பக்கத்தில். அந்தக் கூடையை அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் கழுவிக் கவிழ்த்தேன்.

"சாயந்தரம் வெச்சி, விடியக்காலைல எடுத்துடுவேன். கல்யாணத்துக்கு முந்தின நாளு வெச்சத மட்டும் எடுக்கல. அதான் இட்டாராதன்னு சொன்னேன் இல்ல."

"இன்னாத்துக்குன்னு கேட்டேன் இல்ல."

கிடைத்த ஐந்தையும் கொல்லை மூலையில் வைத்து முள் போட்டு மூடியிருக்கிறார். பாதையிலும் முள் வெட்டிப் போட்டிருக்கிறார். ஆறாவது எங்கே என்று இரண்டு நாளாக ஒவ்வொரு சாலாகப் போய்க் கண்ணால் தேடுகிறார். கம்பால் கிளறவும் முடியாது. பன்றி கடித்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். ஊரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஜாங்கிரியை வாசல் கம்பத்தில் கட்டிப் போட்டிருக்கிறேன். நான்தான் கட்டினேன்.

மார்ச் 29, சனி

ஆயம்மாள் வந்தாள். கதிர் ஒடிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி, பன்னிரண்டு பேர் அவளோடு வருவார்கள்.

"ஏழாந்தேதி வெச்சிக்கலாமா டீச்சர்? அதுக்கப்பறம் எங்களுக்கு வேற கொல்லி இருக்குது."

சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தால் காசிநாதன் ஜெயிலுக்குப் போவார். பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு அந்த மக்காச்சோளத்துக்குள் நுழைவது கண் முன்னால் தெரிந்தது. நான் "சரி" என்றேன். அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் அவர் கேட்டார்.

"ஜாங்கிரிய உட்டுத் தேடினா இன்னா? அது தான் கடிக்காம கொண்டாருதே."

கையில் இருந்த டம்ளர் விழுந்துவிட்டது. கோபம் கூட வரவில்லை. டம்ளரை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சரிங்க. ஆனா அது வாயிலேர்ந்து நீங்க தான் வாங்கணும். நான் தூரமா நின்னுக்கறேன். மொதல்ல இங்க பழகிக்குங்க."

பையைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அவரைத் தரையில் உட்கார வைத்தேன். மோவாய்க்குக் கீழே உள்ளங்கை. மெதுவாக "குடு". எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஜாங்கிரியை அவிழ்த்து விட்டதும் போய் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தது.

வாயில் இருந்ததை வலது பக்கத்துக்கு மாற்றியது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். மூன்றாவது தடவை கையை நீட்டி வைத்திருந்தார். ஆனால் கை ஆடிய ஆட்டத்தில் பை தரையில் விழுந்தது. உள்ளே இருந்தது முட்டை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும்.

ஜாங்கிரி அவர் கையை நக்கியது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ அன்னிக்கு எப்பிடி வாங்கின?"

ஒன்பது நாளில் இதைக் கேட்டது இன்றைக்குத்தான். தெரியல என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். "வரேன்" என்றுதான் சொன்னார். சாயங்காலம் அவர் வண்டியை யாரோ கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெடியைக் கண்டுபிடிக்கிற போலீஸ் வந்தார்கள். கூட ஒரு நாய், அதுவும் லாப்ரடார், கறுப்பு. என்னை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் ஆறாவதைக் கண்டுபிடித்துவிட்டது.

மக்காச்சோளத்துக்குள் இல்லை. புங்கமரத்தடியில். வேலைக்கு வருகிற பெண்கள் சோற்றுத் தூக்கு வைக்கிற கல்லுக்குப் பின்னால். கீரியோ எலியோ இழுத்து வந்திருக்கும் என்றார்கள். அவர் எட்டு நாள் தேடியது முழுக்க மக்காச்சோளத்துக்குள்.

அந்த நாய் அதைத் தொடவே இல்லை. பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு தன் ஆளைப் பார்த்ததாம். அதற்குப் பரிசாக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து விளையாட விட்டார் அந்தப் போலீஸ்காரர். ரோட்டில் நின்ற நாங்கள் பார்க்கவே விளையாடியது. தொடாமல் உட்காரவும் ஒரு நாயைப் பழக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் தூக்கிக்கொண்டு வரப் பழக்கினேன். அது செய்தது நான் சொல்லிக் கொடுத்ததைத்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆயம்மாள் வீட்டுக்கு நானே போனேன். உட்கார் என்று சொல்லவில்லை.

"நெழலா இருக்குதேன்னு பேரன அந்த மரத்துலதான் தூளி கட்டிப் போடுவேன். தெரியும் இல்ல?"

தெரியும். போன வருஷம் அந்தத் தூளியை நானே ஆட்டியிருக்கிறேன்.

"வெச்சவன் ஆம்பள, அவன் புத்தி அவ்ளோ தான். நீ தெரிஞ்சிகினு எனக்கு மோர் குடுத்து அனுப்பின."

அவள் என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

கொல்லைக்கு ஒருவரும் வரவில்லை. வெளியூரிலிருந்து மெஷின் வரவழைத்து அறுத்தேன். அதற்குள் பாதிக்கு மேல் பன்றி முடித்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சாதுல்லா பாய் கடைக்குப் போய்ப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கல்லாவிலிருந்து எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"நான் எத்தினியோ ஆபத்து சொல்லித்தான் விக்கறேன்மா. இது என் புத்திக்கு எட்டவே இல்ல."

வாயில் எதையும் தூக்கி வராத சாமான் வேண்டும் என்றேன். ஜாங்கிரி வாயில் ஏதாவது இருந்தால் என்னால் பார்க்க முடியவில்லை, வடைத் துண்டாக இருந்தாலும். தரையில் விரிக்கிற துணி மெத்தையைக் கொடுத்தார். நாடாவுக்குள் மோந்து மோந்து அங்கேயே தின்றுவிட்டு எழுந்துவிடும். நகத்தால் அழுத்திப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

மே 3, சனி

ஜாமீனில் வந்துவிட்டார். ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. அபிநயா வந்திருக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். வயர் கூடையை நான் முன்பே தூக்கிப் போட்டுவிட்டேன். அவர் தேடவில்லை.

மே 12, திங்கள்

தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. முதல் இரண்டு நாள் வண்டியில் போனார். அதற்கப்புறம் நடந்து போகிறார், ஜாங்கிரியையும் கூட்டிக்கொண்டு. நான் சொல்லவில்லை.

இன்று ரேஷன் கடைக்குப் போகிற வழியில் அவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். கொல்லைப் பக்கம் அவர் நடக்கிறார், தார் ரோட்டுப் பக்கம் அது. ஓரத்துப் புல்லில் எதையோ மோந்துகொண்டு ஜாங்கிரி நின்றது. அவர் அதைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, தான் முதலில் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அப்புறம் மோந்து பார்க்க விட்டார். பத்தடி தள்ளி அது மறுபடியும் நின்றது. அவர் மறுபடியும் குனிந்தார்.